ஆனதோத்து நிலமும் தண்ணீரூற்றுக் காணியும்

2010 டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா ஒரு பனையோலைப் பெட்டியைச் சபையாரிடையே கொண்டுவந்தார். கூரைக்குத் தகரமும் சுவருக்குத் தறப்பாளுமாக நின்ற அந்தச் சிறிய ஆலயத்தில், போருக்குப் பின் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து சில மாதங்களே ஆகியிருந்த முப்பது குடும்பங்கள் வரிசையில் நின்று, புதிய ஆண்டுக்கான வாக்குத்தத்த அட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். என் கைக்கு வந்த அட்டையில் எரேமியா 32:15 எழுதியிருந்தது: "இனி இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் கொள்ளப்படும்." அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் அதை வாசித்தபோது என் உடல் சிலிர்த்தது. அந்த வாரம் முழுவதும் என் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது ஒரு காணிப் பிரச்சினைதான். ஆண்டவர் நேராக எனக்கே பதில் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு பிழையானது என்று விளங்க எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

காணியின் கதை 2008 ஒக்டோபரில் தொடங்குகிறது. எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று. மேற்கே மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களால் வீதியோரமெல்லாம் நிறைந்திருந்த காலம் அது. என் சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, ஒரு மாலை நேரத்தில் அப்பாவிடம் வந்தான். எங்கள் வளவுக்கு அடுத்திருந்த அவனுடைய அரை ஏக்கர் உறுதிக் (பத்திரமுள்ள) காணியை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். "பெரியப்பா, வெளியாக்களுக்குக் குடுக்க மனமில்லை. நீங்கள்தான் எடுக்கவேணும்" என்று அவன் சொன்னது எனக்கு இன்றும் காதில் நிற்கிறது. எதற்குப் பணம் என்று அவன் சொல்லவில்லை, அப்பாவும் துருவிக் கேட்கவில்லை. கையில் காசு இல்லாததால் அம்மா தன் நான்கு காப்புகளையும் கழற்றிக் கொடுத்தார். புதுக்குடியிருப்பில் ஒரு தட்டார் தன் சிறிய தராசில் நிறுத்து, ஆறு பவுண் என்றார். தம்பி காணியின் தாய் உறுதியை அப்பாவிடம் ஒப்படைத்தான். கொப்பித் தாள் ஒன்றில் நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். சாட்சியாக நான் மட்டும் கையெழுத்து வைத்தேன். பத்திரம் எழுதும் நொத்தாரிசைத் தேடிப்போகும் காலமாக அது எங்களுக்குத் தோன்றவில்லை.

பிறகு நடந்ததை வன்னியில் இருந்தவர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வோர் இடமாக நகர்ந்தோம். பங்கருக்குள் தண்ணீர் ஏறிய ஓர் இரவில் அந்தக் கொப்பித் தாள் கரைந்து கூழாகிப் போனது. உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் அம்மா பொலித்தீனில் சுற்றிப் பால்மாத் தகரப்பேணியில் இட்டு, மூடியின் விளிம்பில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றியிருந்தார், அவை தப்பின. தம்பியை மாத்தளனுக்குப் பிறகு எவரும் காணவில்லை. அப்பா செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் காய்ச்சலில் இறந்துபோனார்.

2010 இன் பிற்பகுதியில் ஊர் திரும்பியபோது தம்பியின் மனைவி, என் மச்சாள், ஐந்து வயது மகனோடு அந்த அரை ஏக்கரில் கொட்டில் போட்டிருந்தாள். காணியை அப்பா வாங்கிவிட்டதைச் சொன்னபோது அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல், "எனக்கு அப்படியொரு விசயம் தெரியாது" என்றாள். அம்மாவின் வெறுங்கை என் கண்முன் இருந்தது. என்னிடம் தாய் உறுதி இருந்தது. உறுதி இல்லாதபடியால் அவளால் வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பதுகூடச் சிக்கலாகியது. அதை அறிந்துகொண்டே நான் தகரப்பேணியைத் திறக்கவில்லை. நள்ளிரவில் என் கைக்கு வந்த அட்டையை அந்தப் பேணியின் மூடியிலேயே ஒட்டி வைத்தேன். நிலங்கள் கொள்ளப்படும் என்று கர்த்தரே சொல்லியிருக்கிறார், நாங்கள் கொண்டுவிட்டோம், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்பதே அப்போது என் வேத விளக்கம்.

எங்கள் சபையில் புதன்கிழமை வேதபாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர். ஊரெல்லாம் அவரை ரீச்சர் என்றே அழைக்கும். பிள்ளைகளுக்குச் செய்யுள் படிப்பித்த பழக்கமோ என்னவோ, தனி வசனம் ஒன்றை எடுத்துப் பேச அவர் ஒருபோதும் விடமாட்டார். 2012 இன் கடைசியில் ஒரு புதன்கிழமை, என் அட்டையைப் பற்றி நான் சாட்சி சொல்லத் தொடங்கியதும், "பிள்ளை, ஆறாம் வசனத்திலயிருந்து உரத்து வாசி" என்றார். நான் வாசித்தேன். ஞாயிறு பள்ளியில் இந்த அதிகாரத்தைப் பலமுறை படிப்பித்தவள் நான். 27 ஆம் வசனத்தை, "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" என்பதை, எல்லோரையும்போல நாட்காட்டியில் பார்த்து மனப்பாடம் செய்தவள். ஆயினும் 9 முதல் 14 வரையான ஆறு வசனங்களை, வெறும் எழுத்துவேலை என்று, எப்போதும் தாண்டிவிடுவேன். அன்று ரீச்சர் தாண்டவிடவில்லை.

அந்த ஆறு வசனங்களும் அவற்றுக்கு முந்தியவையும் சொல்வது இதுதான். பாபிலோன் ராஜாவின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருடம், அதாவது கி.மு. 588 அல்லது 587. நகரம் விழப்போகிறது என்று சொன்ன குற்றத்துக்காகத் தீர்க்கதரிசி எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். (அப்படிச் சொல்கிறவர்களை எந்த ஊரும் எந்தக் காலத்திலும் வெளியே உலாவ விடுவதில்லை.) தகப்பனின் சகோதரன் மகனாகிய அனாமெயேல் அங்கே வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கும்படி கேட்கிறான், மீட்கும் உரிமை எரேமியாவுக்கே உரியது என்கிறான். ஆனதோத்து எருசலேமுக்கு வடகிழக்கே ஐந்து கிலோமீற்றர் அளவில் இருக்கிறது, மதிலுக்கு வெளியே, முற்றுகையிட்ட படைக்கு அப்பால். வாங்குகிறவர் அந்த நிலத்தைப் போய்ப் பார்க்கக்கூட இயலாது. எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சேக்கல் ஒன்று 11 கிராமுக்குச் சற்று மேல் என்று கொண்டால், மொத்தம் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளைக் கையெழுத்திடச் செய்கிறார். முத்திரையிட்ட ஒரு பத்திரம், எவரும் வாசிக்கத்தக்கதாகத் திறந்திருக்கும் ஒரு பிரதி, இரண்டையும் முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர் எல்லாருக்கும் முன்பாக தம் எழுத்தராகிய நேரியாவின் மகன் பாருக்கிடம் கொடுக்கிறார். அவை அநேக நாள் இருக்கும்படிக்கு ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அதற்கு அடுத்த வசனந்தான் என் அட்டையில் இருந்தது.

வாசித்துக்கொண்டு போகையில் என் குரல் அடைத்தது. சகோதரன் மகன், தராசு, பாண்டம் மூன்றும் எங்கள் கதையிலும் இருந்தன. ஆனால் எரேமியா செய்த ஒழுங்கு எங்களிடம் இருக்கவில்லை. ஆறு பவுணுக்குக் கொப்பித் தாளில் நாலு வரி! பின்னர் முல்லைத்தீவில் ஒரு நொத்தாரிசு விளக்கிச் சொன்னார்: 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் கையெழுத்திடாத காணி விற்பனைக்குச் சட்டத்தில் எந்த வலுவும் இல்லை. உறுதியின் மூலப் பத்திரம் உரிமையாளரிடமும், ஒரு பிரதி காணிப் பதிவகத்திலும், இன்னொன்று நொத்தாரிசின் ஏட்டிலும் இருக்கவேண்டும். முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று எரேமியா செய்த ஏற்பாட்டின் நோக்கமும் வேறல்ல: ஒன்றை எவராவது திருத்தினாலும் மற்றது உண்மையைக் காட்டும். அந்தக் கொப்பித் தாள் கரையாமல் இருந்திருந்தாலும் எங்களுக்குக் காணி கிடைத்திருக்காது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ரீச்சர் அத்தோடு விடவில்லை. "சரி, எரேமியா எப்ப அந்தக் காணிக்குப் போய் இருந்தவர்?" என்று கேட்டார். நான் பக்கங்களைப் புரட்டினேன். 37 ஆம் அதிகாரத்தில், முற்றுகை சற்றுத் தளர்ந்த நேரம் ஆனதோத்து இருக்கும் பென்யமீன் நாட்டுக்குப் போகப் புறப்பட்டவரை வாசலிலேயே பிடித்து, எதிரியின் பக்கம் ஓடுகிறாய் என்று அடித்து அடைத்தார்கள். நகரம் விழுந்தபின் மிஸ்பாவில் சிறிது காலம் இருந்தார். கடைசியில் அவருடைய விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். தாம் வாங்கிய நிலத்தில் அவர் ஒரு நாளாவது குடியிருந்தார் என்று எங்கும் எழுதப்படவில்லை. "பின்னை ஆருக்கு வாங்கினவர்?" என்றார் ரீச்சர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வியோடு நான் பல வாரங்கள் அலைந்தேன். லேவியராகமம் 25:25 ஐ எடுத்துப் பார்த்தேன். சகோதரன் தரித்திரப்பட்டுத் தன் காணியில் ஒரு பங்கை விற்றால், நெருங்கிய இனத்தான் வந்து அதை மீட்கவேண்டும் என்பது அங்கே விதி. மீட்கும் உரிமை என்று அனாமெயேல் சொன்னது சலுகையன்று, சுமை. இடிந்துகொண்டிருக்கும் உறவினனின் காணி குடும்பத்தின் கையைவிட்டுப் போகாதபடி, பணம் உள்ளவன் தன் பணத்தை இழக்கவேண்டும். வாங்குகிறவனுக்கு லாபம் என்ற எண்ணமே அந்த விதியில் இல்லை. அப்பா அன்று காப்பைக் கொடுத்தது இதற்காகத்தான். "வெளியாக்களுக்குக் குடுக்க மனமில்லை" என்று வந்த பிள்ளையை அவர் காப்பாற்றினார். அவர் செய்த நன்மையை அவன் மனைவிக்கு எதிராக ஒரு வழக்காக மாற்றியவள் நான். அதற்கு ஒரு தீர்க்கதரிசன வசனத்தையும் துணைக்கு அழைத்திருந்தேன்.

இந்த இடத்தில், தீர்க்கதரிசன வசனங்களை நாங்கள் கையாளும் விதம்பற்றி ஒன்று சொல்லவேண்டும். மனிக்பாமில் இருந்தபோது தறப்பாள் தறப்பாளாகச் சென்று ஜெபித்த ஒருவர், இன்னும் மூன்று மாதத்தில் எல்லோரும் ஊர் போவீர்கள் என்று ஆண்டவர் தமக்குச் சொன்னதாகச் சொன்னார். எரேமியா 29:11 ஐத்தான் ஆதாரமாகக் காட்டினார். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனத்துக்கு முந்திய வசனத்தில் எழுபது வருடம் என்று இருப்பதை அவர் வாசிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழிந்தது, ஆறு மாதம் கழிந்தது. அவர் வேறு பகுதிக்குப் போய்விட்டார். சிலர் அதன்பிறகு வேதத்தையே திறக்கவில்லை. எரேமியாவின் காலத்திலும் அனனியா என்பவன் இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பும் என்று ஆலயத்தில் நின்று முழங்கினான். 28 ஆம் அதிகாரத்தில் அந்தக் கதை இருக்கிறது. கேட்கக் காதுக்கு இனிமையான தவணை எப்போதும் அனனியாவின் தவணையாகவே இருக்கிறது. இப்போது எங்கள் இளைஞர்கள் விசாவுக்கும் அதே 29:11 ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

எரேமியா தம்முடைய சொந்த வெளிப்பாட்டைக்கூட அவசரமாக நம்பவில்லை என்பதை அந்த அதிகாரத்திலேயே காணலாம். அனாமெயேல் வருவான் என்று கர்த்தர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அவன் உண்மையாகவே முற்றத்துக்கு வந்து அதே சொற்களைச் சொன்ன பிறகே, எட்டாம் வசனத்தில், இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டதாக அவர் எழுதுகிறார். அதேபோல, பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுத்து முடித்த பிறகே அவர் ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தில் குழப்பம் நிறைந்திருக்கிறது. நகரம் கல்தேயரின் (பாபிலோனியரின்) கையில் போகப்போகிறது, நீரோ காணி வாங்கச் சொன்னீரே என்று ஆண்டவரிடமே கேட்கிறார். விளங்காத நிலையிலும் செய்யவேண்டிய வேலையைப் பிழையின்றிச் செய்துவிட்டுப் பிறகு கேள்வி கேட்டார். நான் செய்ததோ அதற்கு நேர்மாறு: எல்லாம் விளங்கிவிட்டதாக மகிழ்ந்தேன், செய்யவேண்டியதை மட்டும் செய்யவில்லை.

அதன்பின் வசனம் ஒன்று என்னை ஆறுதற்படுத்தும்போதெல்லாம், யார் யாருக்கு எந்த நிலையில் சொன்னது என்று முதலில் தேடுகிறேன். அதிகாரத்தில் சலிப்பாகத் தெரியும் பகுதியை இரண்டு முறை வாசிக்கிறேன். இதை நான் நம்பினால் செலவு யாருடையது என்றும் கேட்டுக்கொள்கிறேன். கடைசிக் கேள்விதான் கூடுதலாகச் சுடும். எரேமியா நம்பியதற்கு அவரே வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். நான் நம்பியதற்கு மச்சாள் கூரையில்லாமல் இருந்தாள்.

2013 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை தகரப்பேணியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அம்மாவிடம் முதல் நாளிரவே சொல்லியிருந்தேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "கொப்பர் இருந்திருந்தா எப்பவோ குடுத்திருப்பார்" என்றார். வெளிநாட்டிலிருக்கும் என் அண்ணன் இதற்காக இன்றுவரை என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. அவருடைய கோபத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஆறு பவுண் ஆறு பவுண்தான்.

மச்சாள் அடுப்படியில் இருந்தாள். நான் மெழுகைக் கத்தியால் சுரண்டி மூடியைத் திறந்து, உறுதியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மடிப்புகளில் தாள் பழுப்பேறியிருந்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு விரித்துப் பார்த்தாள். எல்லைகள் எழுதிய இடத்தில், வடக்கு எல்லையாக என் அப்பாவின் பெயர் இருந்தது. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அதற்குக் கீழே இருந்தன. கடைசிப் பக்கத்தில் தம்பியின் கையெழுத்து. அதன்மேல் விரலை வைத்தபடி நெடுநேரம் இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "காப்பு வித்த காசு எனக்குத் தெரியும் மச்சாள். பிள்ளைக்கு நெஞ்சுச்சளி கடுமையாகி, அந்தக் காசிலதான் மருந்து எடுத்தவர். தெரியுமெண்டு சொன்னா எழுப்பிப்போடுவியள் எண்டு பயந்திட்டன்" என்றாள்.

அவள் பொய் சொன்னாள் என்று அத்தனை காலமும் நான் நினைத்தது சரி. ஆனால் அந்தப் பொய்யை அவள் வாயில் வைத்தது நான் பூட்டி வைத்திருந்த பேணி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காணிக்காக அவளோடு அலுவலகங்களுக்கு அலைந்த கதை தனியானது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், போரில் காணாமற்போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க வழி செய்திருந்தார்கள். அதை எடுத்தால் காணியை மகனின் பெயருக்கு மாற்றலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மச்சாள் எடுக்க மறுத்துவிட்டாள். செத்தவர் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றாள். 2016 இல் சட்டம் திருத்தப்பட்டுக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று வந்தபோதுதான், அதற்கு மட்டும் சம்மதித்தாள். அவளை யாரும் இதில் நெருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தன் பிள்ளையின் காணியை ஒழுங்காக்குவதும் தன் கணவனைச் சாகடிக்காமல் இருப்பதும் அவளுக்கு ஒரே நேரத்தில் தேவைப்பட்டன.

ஞாயிறு பள்ளியில் எரேமியா 32 ஐ இப்போதும் படிப்பிக்கிறேன். அந்த ஆறு வசனங்களைப் பிள்ளைகளைக்கொண்டு நடிக்க வைக்கிறேன். ஒருவன் தராசு பிடிப்பான், இரண்டு பேர் சாட்சியாக நிற்பார்கள், ஒரு சிறுமி மண்முட்டிக்குள் தாளை வைப்பாள். அதன்பிறகு எஸ்றா இரண்டாம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்கிறேன். கி.மு. 538 அளவில் பாரசீக ராஜாவாகிய கோரேஸ் அனுமதித்த பின்னர் திரும்பி வந்தவர்களின் பட்டியல் அது. பெயரும் எண்ணிக்கையுமாக நீண்டு போகும், எவரும் பிரசங்கத்துக்கு எடுக்காத அதிகாரம். 23 ஆம் வசனத்தில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று இருக்கிறது. அந்த நிலத்தை வாங்கியவர் அவர்களில் இல்லை. சென்ற ஆண்டு ஒரு பையன் எழுந்து, "அப்ப அந்த முட்டியைக் கிண்டி எடுத்தவையா அன்ரி?" என்று கேட்டான். வேதத்தில் எழுதவில்லை என்றேன். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

எங்கள் உறுதி இப்போது மச்சாளிடம் இருக்கிறது. பொலித்தீன் உறையில் மடிப்பில்லாமல் வைத்திருக்கிறாள். நொத்தாரிசிடம் உறுதிப்படுத்திய ஒரு பிரதி என் தகரப்பேணியில் இருக்கிறது. பேணியின் மூடியில் ஒட்டிய அட்டையில் பாதி கிழிந்துவிட்டது. கிணற்றில் இரண்டு வளவுக்கும் சேர்த்து ஒரு மோட்டர் போட்டிருக்கிறோம், மின்கட்டணத்தில் பாதி அவளுடையது. காணி இன்றும் தம்பியின் பெயரில்தான் இருக்கிறது.